இருபது தலையும் ஒரு தட்டும்

ஆளுங்களைக் கூட்டிக்கிட்டுப் போறது ஒரு வேலையே இல்லைங்க. கூட்டிக்கிட்டுப் போன அதே ஆளுங்களைத் திருப்பிக் கூட்டிக்கிட்டு வர்றதுதான் வேலை. கல்யாணத்துக்கு வேன் வெச்சவங்க, பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களை மிருகக்காட்சி சாலைக்கு இழுத்துக்கிட்டுப் போன வாத்தியாருங்க, குடும்பத்தோட திருப்பதி போய் கியூவுல மச்சானைத் தொலைச்சவங்க, நீங்க எல்லாரும் என் கட்சி. உங்களுக்குச் சொன்னா புரியும். மத்தவங்க சிரிச்சிட்டுப் போவட்டும்.

வருஷம் 1991. பென்னலூர் பக்கம் ஒரு பீங்கான் தட்டு கம்பெனி. அதுல நான் வெல்ஃபேர் அசிஸ்டென்ட், அதுவும் ப்ரொபேஷன்ல. ஆறு மாசம் முடிஞ்சு இன்னொரு ஆறு மாசம் நீட்டியிருந்தாங்க. மெட்ராஸ்ல நூறு வருஷத்துக்கு மேல பழசான ஒரு பெரிய ஓட்டல், ராஜாக்களும் துரைங்களும் தங்கின ஓட்டல், நாலு வருஷமா எங்ககிட்டதான் தட்டு வாங்கிக்கிட்டு இருந்தது. அவங்களோட பழைய டிசைன்லயே, நீலப் பூவும் தங்கக் கோடுமா, எங்க கம்பெனி பேர் போடாம செஞ்சு குடுக்கணும். மூணு மாசமா லீவே போடாதவங்களை, பேட்சுக்கு இருபது பேரா, அந்த ஓட்டலைச் சுத்திக் காட்டக் கூட்டிக்கிட்டுப் போறதுன்னு எங்க பர்சனல் மேனேஜர் ஒரு திட்டம் போட்டாரு. மாசத்துக்கு ஒரு ட்ரிப், மொத்தம் ஆறு.

என்னைக் கூப்பிட்டு, "ஒவ்வொரு ட்ரிப்புக்கும் ஓட்டல்லேருந்து நல்லபடியா ஒரு லெட்டர் வரணும். ஆறு லெட்டர் வந்தா நீ பர்மனென்ட். ஒரு கம்ப்ளெய்ன்ட் வந்தாலும், குன்றத்தூர்ல உங்க மாமாவுக்கு சைக்கிள் கடை இருக்குல்ல?"ன்னாரு. இருக்கு. அதுதானே பயம். இதுக்கு நடுவுல படப்பையில எனக்கு ஒரு பொண்ணு பாத்து வெச்சிருந்தாங்க. பொண்ணோட அப்பா வாரத்துக்கு ஒரு தரம் எங்க வூட்டுக்கு வந்து காபி குடிச்சிட்டு, டம்ளரைக் கீழ வெக்கும்போது ஒரே ஒரு கேள்விதான் கேப்பாரு: "மாப்பிள்ளை பர்மனென்ட் ஆயிட்டாரா?"

பேட்ச்ல பொம்பளைங்க இருந்தா பொறுப்புக்கு ஒரு பொம்பளை கூடப் போகணும்னு ரூல். அப்படி வந்தவங்க செக்கிங் செக்‌ஷன் கஸ்தூரிக்கா, சேரப்பணஞ்சேரிக்காரங்க. செக்கிங் எப்படின்னா, தட்டை மூணு விரல்ல ஏந்தி, மடக்கின விரல் முட்டியால ஒரு தரம் தட்டுவாங்க. 'டிங்'னா பாஸ். 'டொக்'னா உள்ள கீறல், ரிஜெக்ட். பாஸ் ஆனதைத் திருப்பி, அடியில பச்சை மையால ஒரு புள்ளியும் தன் நம்பரும் போடுவாங்க. அப்புறம் தங்கக் கோடு போட்டுக் கடைசித் தரம் சூளைக்குப் போகும். சுட்டு வந்துட்டா அந்த நம்பர் எவ்வளவு தேய்ச்சாலும் போகாது. கஸ்தூரிக்கா நம்பர் பதினாலு. அவங்க ரிஜெக்ட் பண்ணதை எம்.டி.யே வந்து நின்னாலும் பாஸ் பண்ண மாட்டாங்க. "தட்டு பொய் சொல்லாது தம்பி. நாம சொன்னாதான் உண்டு"ம்பாங்க. இந்த அம்மாவை வெச்சுக்கிட்டு நான் ஆறு லெட்டர் வாங்கணும்.

வாசல்லயே வேர்த்துடுச்சு

அந்த வருஷம் மே மாசம் எங்க ஊர்ல குண்டு வெடிச்சதுக்கு அப்புறம், எங்க ஊர்ப் பேரைச் சொன்னாலே கேக்கிறவங்க ஒரு நிமிஷம் நம்ம மூஞ்சியை உத்துப் பாப்பாங்க. கம்பெனி பஸ் நெத்தியில 'ஸ்ரீபெரும்புதூர்'னு கொட்டை எழுத்து. முதல் ட்ரிப்லயே கேட்டுல செக்யூரிட்டி பஸ்ஸை ஓரங்கட்டி, எல்லாரையும் இறக்கி, பையைத் திறக்கச் சொல்லிட்டான்.

எல்லார் பையிலயும் ஒரு டிபன் பாக்ஸ். மதியச் சாப்பாடு ஓட்டல்லயே போடுறாங்கன்னு நான் நோட்டீஸ் ஒட்டி, ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் வாயாலயும் கத்தியிருந்தேன். கேட்டாத்தானே! இருபது மூடியைத் திறந்தா, பதினாறுல புளிசோறு, நாலுல எலுமிச்சஞ்சோறு. போர்ட்டிகோ பூரா கட்டுச்சோத்து வாசனை. கார்ல வந்து இறங்கின ஒரு வெள்ளைக்காரம்மா நின்னு பாக்குது. போச்சுடா, முதல் லெட்டரே போச்சுன்னு எனக்கு முதுகெல்லாம் வேர்வை. அப்பதான் உள்ளேயிருந்து வெள்ளைக் கையுறை மாட்டின ஒருத்தர் வந்தாரு. தேவசகாயம்னு பேர், அந்த ஓட்டல் பட்லர், எங்களைச் சுத்திக் காட்ட வேண்டியவர். "உங்களுக்கு உள்ளேயே சாப்பாடு இருக்கே, இதெல்லாம் எதுக்கு?"ன்னு தன்மையாத்தான் கேட்டாரு. முன்னாடி நின்ன பேக்கிங் ஏழுமலை மூடியை மூடிக்கிட்டே சொன்னான்: "உள்ள சாப்பாடு கீதுன்னு தெரியும் சார். அது வயித்த ரொப்புமான்னு தெரியாதே."

பத்தொம்பது

எனக்கு எண்ணுற வியாதி புடிச்சது அந்த ஓட்டல்லதான். ஏறும்போது எண்ணுவேன், இறங்கும்போது எண்ணுவேன், மாடிப்படியில எண்ணுவேன். தேவசகாயம் பர்மா தேக்கு, பெல்ஜியம் கண்ணாடி, நாட்டியம் ஆடுற ஹாலுன்னு அடுக்கிக்கிட்டே போவாரு. நான் ஒண்ணையும் பாத்ததில்லை. இவங்க தலையைத்தான் பாத்தேன். எல்லாம் முடிஞ்சு கடைசியா ஒரு கண்ணாடி அலமாரி முன்னாடி நிறுத்துவாரு. அதுல ஒரே ஒரு தட்டு, வெல்வெட்டுல நிக்க வெச்சிருக்கும். கவர்னர் துரை ஒருத்தர் சாப்பிட்ட தட்டாம். கஸ்தூரிக்கா ஒவ்வொரு தரமும் அந்தக் கண்ணாடிகிட்ட மூக்கை ஒட்டிக்கிட்டு நிப்பாங்க. "ஒரு தரம் கையில குடுக்கச் சொல்லு தம்பி. தட்டிப் பாக்காம எப்படி நம்பறது?"ன்னு என் சட்டையைப் புடிச்சு இழுப்பாங்க. "அக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போவும், வாங்க"ன்னு நான் இழுப்பேன்.

ரெண்டாவது ட்ரிப்ல அந்த அலமாரிகிட்ட எண்ணினா பத்தொம்பது. திரும்ப எண்ணினேன், பத்தொம்பதேதான். சூளை முனுசாமியைக் காணோம். தோட்டத்துல தேடினேன், தண்ணி ஊத்திக் குடுக்கிற பார்ல தேடினேன், பாத்ரூம் ஒவ்வொண்ணாத் தட்டினேன். நீச்சல்குளத்தைக்கூட எட்டிப் பாத்துட்டேன். கடைசியில கஸ்தூரிக்காதான், "சூளைக்காரன் வேற எங்கப்பா போவான்? எங்க பொகை வருதுன்னு பாரு"ன்னாங்க. கட்டடத்துப் பின்பக்கம் பாய்லர் ரூம். முனுசாமி சட்டையைக் கழட்டி ஆணியில மாட்டிட்டு, ஓட்டல் பாய்லர்காரரோட டீ குடிச்சிக்கிட்டு, சூடு ஏன் ஒழுங்கா நிக்கலன்னு அவருக்கு வழி சொல்லிக்கிட்டு இருக்கான். என்னைப் பாத்ததும் எழுந்திரிக்கக்கூட இல்லை: "மேல காட்டினதெல்லாம் சோக்கு சார். இங்க எரியுது பாரு, இதான் ஓட்டலு."

ராஜா மெத்தை

மூணாவது ட்ரிப்ல எண்ணிக்கை சரியாத்தான் இருந்தது. வேற வினை வந்தது. நைட் ஷிஃப்ட் முடிச்சு, கூட ரெண்டு மணி நேரம் ஓ.டி.யும் பாத்துட்டு நேரா பஸ் ஏறின வேலு அந்த பேட்ச்ல இருந்தான். ஒரு ராஜா தங்கின ரூம்னு மாடியில காட்டுவாங்க. கட்டிலே எங்க வூட்டு ஹால் அகலம் இருக்கும். சுத்திக் கயிறு கட்டி, தொடாதேன்னு போர்டு. தேவசகாயம் ஜன்னல் பக்கம் திரும்பி ராஜா வேட்டைக்குப் போன கதையைச் சொல்லிக்கிட்டு இருக்காரு. கதைக்கு நடுவுல குறட்டைச் சத்தம்.

கயிறைத் தாண்டி, செருப்பைக் கழட்டி ஒழுங்கா ஓரமா வெச்சிட்டு, மெத்தையில மல்லாக்கப் படுத்திருக்கான் பாவி. நான் உலுக்குறேன், எழுந்திரிக்கல. நாலு பேர் சேந்து கத்தினதுக்கு அப்புறம்தான் கண்ணைத் திறந்தான். தேவசகாயம் கயிறுகிட்ட ஓடி வந்து, "இந்த மெத்தையில மகாராஜா பத்து நாள் தூங்கினாரு, தெரியுமா?"ன்னாரு. அந்த மாச லெட்டர் பன்னெண்டு நாள் லேட்டா வந்தது. பன்னெண்டு நாளும் நான் சோறு தின்னேனான்னே ஞாபகம் இல்லை. ஆனா வேலு அன்னைக்கு எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கிட்டு கேட்டது மட்டும் மறக்கல: "அவரு பத்து நாள் தூங்கினாரு, கதையாச் சொல்ற. நானு பத்து நிமிசம் தூங்கினதுக்கு இன்னாத்துக்கு சார் இம்மாம் சத்தம்?"

டிங், டிங், டொக்

நாலாவது பேட்ச் முழுக்கச் செக்கிங் செக்‌ஷன் பொண்ணுங்க. அமைதியான புள்ளைங்க, இந்தத் தரம் தப்பிச்சோம்னு நெனச்சேன். மதியம் பெரிய டைனிங் ஹால்ல உக்கார வெச்சாங்க. பக்கத்து மேசைங்கள்ல கோட்டு போட்டவங்க, பட்டுப்புடவைங்க. சர்வர் வந்து எல்லார் முன்னாடியும் தட்டு வெச்சிட்டு அந்தாண்ட போனாரு.

அவ்வளவுதான். இருபத்தொரு பேரும் தட்டைத் தூக்கிட்டாங்க. யாரும் சொல்லிவெச்சு செய்யல. வருஷக்கணக்கா கைக்குப் பழகினது, தட்டு கிட்ட வந்தா கை தானாப் போகும். டிங். டிங். டொக். டிங். ஹால் முழுக்க மணிச்சத்தம். கோட்டுக்காரங்க ஸ்பூனைக் கீழ வெச்சிட்டுத் திரும்பிப் பாக்கறாங்க. சோத்துக்குத்தான் அவசரப்படறாங்கன்னு நெனச்சு ரெண்டு சர்வர் ஓடி வர்றாங்க. மானேஜர் ஒருத்தர் வந்து நிக்கிறாரு. நான் மேசைக்கு மேசை ஓடி, "வைம்மா, கீழ வைம்மா, இது லைன் இல்லம்மா"ன்னு கெஞ்சறேன். எல்லாரும் தட்டிப் பாத்து, நல்லதை முன்னாடி வெச்சிக்கிட்டு, மிச்சத்தை மேசைக் கோடியில ஒழுங்கா அடுக்கிட்டாங்க.

மானேஜர் மேல இருந்த தட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துல பாத்தாரு. மயிர் அளவு கீறல். அடுத்தது, அதுலயும் கீறல். சுடச்சுடக் குழம்பு ஊத்தினா யார் மடியிலயாவது ரெண்டாப் பொளந்திருக்கும். அவர் அடுக்கைத் தூக்கிட்டுப் போகச் சொன்னாரு. தேவசகாயம் மட்டும் கஸ்தூரிக்காவை ஒரு மாதிரி மரியாதையாப் பாத்தாரு. அன்னையிலேருந்து அவங்களை 'அம்மா'ன்னுதான் கூப்பிடுவாரு. நான் நாற்காலியில பொத்துனு உக்காந்துட்டேன். கஸ்தூரிக்கா சாம்பார் ஊத்திக்கிட்டே என்கிட்ட சொன்னாங்க: "பதினொண்ணு ரிஜெக்டு தம்பி. பயப்படாத, எல்லாம் நமக்கு முந்தின பழைய ஸ்டாக்கு, அதுல ஒண்ணுகூட நம்ம மாலு இல்ல."

ஜெனரல் ஷிஃப்ட்

அஞ்சாவது ட்ரிப்ல காக்கி யூனிஃபார்மோட போனது என் தப்பு. லாபியில ஒரு வெளிநாட்டுக்காரர் பேக்கிங் ஆளு ஒருத்தனைப் பாத்து விரலைச் சொடுக்கிப் பெட்டியைக் காட்டினாராம். இவனும் பேக்கிங்காரன்தானே, பெட்டியைப் பாத்தா சும்மா நிப்பானா? தோள்ல தூக்கி மூணாவது மாடி வரைக்கும் கொண்டு போய் வெச்சிட்டான். இங்க நான் பத்தொம்பது, பத்தொம்பதுன்னு பைத்தியம் புடிச்சு நிக்கிறேன். அரை மணி கழிச்சு சாவகாசமா இறங்கி வந்து சொல்றான்: "பெட்டி கனமில்ல சார். அங்க மாடியில ரூம் பாய் ஒத்தன், புதுசா கீறியே, இன்னா ஷிஃப்டுன்னு கேட்டான். ஜெனரல்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

கண்ணாடி அலமாரி

ஆறாவது ட்ரிப். கையில அஞ்சு லெட்டர். படப்பைக்காரர் காபி டம்ளரை வெக்கும்போது கேள்வியை மாத்திட்டாரு: "மார்கழி பொறக்கறதுக்குள்ள ஒரு பதில் சொல்லிடுங்க. வேற எடமும் வருது." முந்தின நாளே குன்றத்தூர் மலை ஏறி முருகன் காலடியில அஞ்சு லெட்டரையும் வெச்சு எடுத்துக்கிட்டு வந்தேன். அன்னைக்குச் செக்கிங் பொண்ணுங்க நாலு பேரும், மத்தபடி கலந்த ஆளுங்களுமா ஒரு பேட்ச். ஒருத்தரும் தூங்கல, தொலையல, எதையும் தூக்கல. எனக்கே சந்தேகமா இருந்தது.

கடைசியா அந்த அலமாரி. தேவசகாயம் வழக்கமாச் சொல்ற கவர்னர் கதையை நிறுத்திட்டுக் கோட்டுப் பையிலேருந்து சாவியை எடுத்தாரு. "இந்தச் சாவி என் கைக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகுது. பழைய பட்லர் ரிட்டையர் ஆகும்போது, கண்ணு மாதிரி பாத்துக்கோன்னு குடுத்துட்டுப் போனாரு. வெளியாள் யார் கையிலயும் நான் இதைக் குடுத்ததில்லை. ஆனா இந்த அம்மா கை சாதாரணக் கை இல்லை"ன்னு சொல்லி, தட்டை எடுத்து ரெண்டு கையாலயும் கஸ்தூரிக்காகிட்ட நீட்டினாரு. எனக்கு உசுரே போயிடுச்சு. கீழ போட்டுட்டாங்கன்னா? தட்டும்போது ஒடைஞ்சா?

கஸ்தூரிக்கா முந்தானையில கையைத் துடைச்சிக்கிட்டாங்க. மூணு விரல்ல ஏந்தி, முட்டியால ஒரு தட்டு. டிங். அப்படி ஒரு சுத்தமான சத்தம். மூஞ்சி மலர்ந்து போச்சு. பழக்கம்தானே, அடுத்தாப்புல தட்டைத் திருப்பினாங்க. திருப்பினவங்க அப்படியே நின்னுட்டாங்க. பக்கத்துல நின்ன நான் எட்டிப் பாத்தேன். அடியில ஒரு பச்சைப் புள்ளி. பக்கத்துல பதினாலு.

செக்கிங் பொண்ணுங்க நாலு பேரும் பாத்துட்டாங்க. ஒருத்தி வாயைப் பொத்திக்கிட்டா. தேவசகாயமோ சந்தோஷமாக் கிட்ட வந்தாரு. "அதைத்தாம்மா காட்டணும்னு நெனச்சேன்! கவர்னர் விருந்துக்குச் சீமையிலேருந்து பதினாலு தட்டு வந்ததாம். பதிமூணு ஒடைஞ்சிடுச்சு. இது பதினாலாவது. அதுக்குத்தான் அந்த நம்பர். பழைய பட்லரே என்கிட்ட சொன்னது"ன்னாரு. பதினாலாவதும் எப்பவோ ஒடைஞ்சிடுச்சு, ஒடைச்சது யாரு, சமையல்கட்டு அலமாரியிலேருந்து எங்க தட்டு எப்படி வெல்வெட்டுக்கு ஏறிச்சு, எல்லாம் எனக்கு அந்த ஒரு நிமிஷத்துல விளங்கிப் போச்சு. அந்த மனுஷனுக்கு மட்டும் விளங்கல. வாரா வாரம் அதைத் துடைச்சு வெச்சு, நூறு பேருக்கு மேல கதை சொல்லிட்டாரு.

"எப்படிம்மா இருக்கு தட்டு?"ன்னு கேட்டாரு. கஸ்தூரிக்கா என்னைப் பாத்தாங்க. தட்டு விஷயத்துல பொய்யே சொல்லாத வாய். இவங்க வாயைத் திறந்தா இந்த மனுஷன் மானம் இருபது பேர் முன்னாடி போகும், லெட்டர் போகும், தட்டு ஆர்டரே போனாலும் போகும், நான் பஞ்சர் ஒட்டப் போயிடுவேன். யாருக்கும் தெரியாம இடுப்புகிட்ட கையைக் கூப்பினேன். அக்கா தட்டை இன்னொரு தரம் பாத்தாங்க, தேவசகாயம் மூஞ்சியைப் பாத்தாங்க, ரெண்டு கையாலயும் அவர்கிட்ட திருப்பிக் குடுத்தாங்க: "ஒரு கொறையும் இல்ல சார். செக் பண்ணவங்க ஒழுங்கா செக் பண்ணிக்கீறாங்க."

பூந்தமல்லி தாண்டினதும்

பஸ் பூந்தமல்லி தாண்டினதுக்கு அப்புறம்தான், நான் அன்னைக்கு எண்ணவே இல்லைன்னு ஞாபகம் வந்தது. எழுந்து பாத்தா இருபதும் இருந்தது. நேரா கஸ்தூரிக்கா சீட்டுகிட்ட போனேன். "அக்கா, எனக்காக ஒரு பொய் சொல்லிட்டீங்க. சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்"னேன்.

"ஒனக்காகவா?"ன்னு சீறினாங்க பாருங்க, பஸ்ஸே திரும்பிப் பாத்தது. "நான் எங்கப்பா பொய் சொன்னேன்? தட்டிப் பாத்தேன், நல்லா இருந்தது, நல்லா கீதுன்னேன். கொறையில்லாத தட்ட இன்னான்னு சொல்லி ரிஜெக்ட் பண்றது?" அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. நான் கிளம்பலாம்னு திரும்பும்போதுதான் மெதுவா, பாதி எனக்கும் பாதி தனக்குமா சொன்னாங்க: "எம்மாந் தட்டு பாஸ் பண்ணிக்கீறேன், எல்லாம் எங்கியோ போய் எவனோ துன்னுட்டு எவனோ ஒடைக்கிறான். ஒண்ணே ஒண்ணு கண்ணாடிக்குள்ள குந்திக்கினு கீது தம்பி, அத நானே எறக்கணுமா?"

ஆறாவது லெட்டர் நாலே நாள்ல வந்தது. நான் பர்மனென்ட் ஆனேன். படப்பைக்காரர் காபி டம்ளரை வெச்சிட்டு, கேள்வி கேக்காம பஞ்சாங்கத்தை எடுத்தாரு. கம்பெனியில தட்டு மாறிச்சு, டிசைன் மாறிச்சு, நாங்க யாரும் பச்சைப் பதினாலைப் பத்தி வெளிய மூச்சு விடல.

முப்பது வருஷம் பர்மனென்ட்டா இருந்து ரிட்டையரும் ஆயிட்டேன். இன்னைக்கும் எந்த விருந்துக்குப் போனாலும் கூட வந்த தலையை ஒரு தரம் எண்ணிட்டு, வெச்ச தட்டை ஒரு தரம் திருப்பிப் பாத்துட்டுதான் சோத்துல கை வெக்கிறேன்.